காத்திருக்கக் கூடாத மருந்து

காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் அந்த மனிதர் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்குகிறார். வேறு யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு வாடை அடிப்பதாகச் சொல்கிறார். மனைவியின் பெயர் வாயில் வரவில்லை. சாதுவாக இருந்தவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறார். ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப்போகும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இன்னும் சிலர் மனநல மருத்துவரைத் தேடுவார்கள். வலிப்பு வந்து நினைவு தப்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பார்கள். அதற்குள் நான்கைந்து நாட்கள் போயிருக்கும்.

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் மூளையைத் தாக்கும்போது இப்படி நடப்பதுண்டு. பொட்டுக்கு உட்புறமாக இருக்கும் மூளைப் பகுதியைத்தான் இந்த வைரஸ் அதிகம் பதம் பார்க்கிறது. நினைவு, பேச்சு, வாசனை, கோபதாபம் எல்லாவற்றிலும் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. அதனால் மூளைக்காய்ச்சல் மனநோயின் தோற்றத்தில் வந்து நிற்கிறது. சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் 100க்கு 70 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் பழையபடி வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பியவர்கள் மிகச் சிலரே.

இன்று இதற்கு மருந்து இருக்கிறது. 40 ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ள மருந்து. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இந்திய நிறுவனங்கள் பல அதைத் தயாரிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. உதட்டோரக் கொப்புளம், கருவிழிப் புண், பிறப்புறுப்புப் புண், பச்சிளம் குழந்தைக்கு வரும் தொற்று, மூளைக்காய்ச்சல் என்று ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் எந்த வடிவில் வந்தாலும் ஏறத்தாழ அந்த ஒரே மருந்துதான். அப்படியும் பார்வை போகிறது, உயிர் போகிறது, குடும்பங்கள் பிரிகின்றன. மருந்து வேண்டிய இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்வதில்லை. வேண்டாத இடத்துக்குத் தாராளமாகப் போகிறது. இதுதான் காரணம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எலியன் குழு கண்டடைந்தது

வைரஸ் நோய்க்கு மருந்தே சாத்தியமில்லை என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து, நம் செல்லின் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. அதை அழிக்கும் எதுவும் நம்மையும் அழிக்கும் என்ற அச்சம் நியாயமானதுதான். 1962இல் ஹெர்பர்ட் காஃப்மன் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், ஐடாக்ஸியூரிடின் என்ற சொட்டு மருந்தால் கருவிழி ஹெர்ப்பிஸ் ஆறுவதைக் காட்டினார். கதவு திறந்தது. ஆனால், நல்ல செல்களையும் அது பாதித்ததால் கண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்து வந்த விடாரபின் மூளைக்காய்ச்சலில் கொஞ்சம் உயிர்களைக் காப்பாற்றியது.

பிறகு வந்ததுதான் அசைக்ளோவிர். பர்ரோஸ் வெல்கம் நிறுவனத்தின் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் கெர்ட்ரூட் எலியன், ஹோவர்ட் ஷேஃபர் ஆகியோரின் குழு 1970களில் அதை உருவாக்கியது. எலியன் 15 வயதில் தன் தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் இறப்பதைப் பார்த்து வேதியியல் பக்கம் வந்தவர். பெண் என்பதாலேயே ஆய்வுக்கூட வேலைகள் மறுக்கப்பட்டவர். முனைவர் பட்டம் முடிக்காதவர். 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மருந்தின் நுட்பம் அறிந்துகொள்ளத் தக்கது. அசைக்ளோவிர் உடலுக்குள் நுழையும்போது செயலற்ற நிலையில் இருக்கிறது. அதைச் செயல்பட வைக்கும் முதல் நொதி, ஹெர்ப்பிஸ் வைரஸ் தனக்காகத் தயாரித்துக்கொள்ளும் நொதி. ஆகவே, வைரஸ் இருக்கும் செல்லில் மட்டுமே மருந்து விழித்துக்கொள்கிறது. விழித்ததும் வைரஸின் மரபிழை நீண்டுகொண்டிருக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஒரு கண்ணிகூடச் சேர விடாமல் நிறுத்திவிடுகிறது. வைரஸ் இல்லாத செல்லை அது ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. கருவுற்ற பெண்களுக்கும் பிறந்த குழந்தைக்கும்கூட இதைக் கொடுக்க முடிவதற்குக் காரணம் இதுவே.

1984இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு, மூளைக்காய்ச்சல் நோயாளிகளில் விடாரபின் பெற்றவர்களில் 50 சதவீதத்தினர் இறந்தபோது, அசைக்ளோவிர் பெற்றவர்களில் 19 சதவீதத்தினர்தான் இறந்தார்கள் என்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஆய்வும் அதே திசையில் பேசியது: 54க்கு எதிராக 28. 100க்கு 70 என்றிருந்த இறப்பு எங்கே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால், இந்த எண்கள் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம் என்பதோடு பிணைந்தவை. 2002இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று, மருத்துவமனையில் சேர்ந்த பிறகும் இரண்டு நாட்களுக்கு மேல் மருந்து தாமதமானவர்களின் நிலை மோசமாக முடிந்ததைக் காட்டியது. வீட்டில் போன நாட்கள் தனி. மருத்துவமனைக்கு உள்ளேயே நாட்கள் போகின்றன என்பதுதான் வேதனை. எம்.ஆர்.ஐ. எடுக்க வேறு ஊருக்குப் போக வேண்டும், முதுகில் நீர் எடுக்கக் குடும்பத்தினர் தயங்குவார்கள், பி.சி.ஆர். முடிவு வர நாளாகும். முடிவு வந்த பிறகு பார்க்கலாம் என்று மருந்து காத்திருக்கிறது. முதல் மூன்று நாட்களில் எடுக்கும் பி.சி.ஆர். நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம்தான்.

காய்ச்சலோடு குழப்பமோ, நடத்தை மாற்றமோ, வலிப்போ இருந்தால், சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அசைக்ளோவிர் ஊசியைத் தொடங்கிவிடுவதே சரியான வழி. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. வேறு காரணம் தெரிந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். ஒருநாள் தேவையில்லாமல் போட்டதால் வரும் கெடுதியைவிட, ஒருநாள் போடாமல் விட்டதால் வரும் கெடுதி பல மடங்கு பெரிது. தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைஃபஸ், டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று காய்ச்சலும் குழப்பமுமாக வரும் நோய்கள் வேறு இருக்கின்றன. இவற்றின் கூட்டத்தில் ஹெர்ப்பிஸ் எளிதில் கவனத்திலிருந்து நழுவும். நேரடி மருந்து கையில் இருக்கும் மிகச் சில வைரஸ் மூளைக்காய்ச்சல்களில் இது ஒன்று என்பதாலேயே முதலில் நினைவுக்கு வர வேண்டியது இதுதான்.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, உடல் எடைக்கேற்ப, 14 முதல் 21 நாட்கள் வரை நரம்பு வழியாகச் செலுத்த வேண்டும். மாத்திரை இங்கே உதவாது. விழுங்கும் அசைக்ளோவிரில் ரத்தத்தை அடைவது ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. நோயாளி நான்கு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப்போவது ஆபத்து. வேகமாகச் செலுத்தினாலோ, உடலில் நீர்ச்சத்து குறைந்திருந்தாலோ மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடும். ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்ற வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால் மருந்தே குழப்பத்தையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். குணமானவர்களில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மீண்டும் குழப்பமும் கைகால் அசைவுக் கோளாறும் வரலாம். அது பெரும்பாலும் வைரஸின் மறுவருகையாக இருப்பதில்லை; உடலின் எதிர்ப்புச் சக்தி மூளையையே தாக்குவதால் வருவது. அதற்குச் சிகிச்சை வேறு. அப்போதும் ‘பழைய நோய்தானே’ என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.

உதட்டிலிருந்து கண்ணுக்கு

இவ்வளவு கொடிய முகம் கொண்ட அதே வைரஸ்தான், பெரும்பாலானோரிடம் ஒன்றும் செய்யாமல் காலம் முழுக்கக் குடியிருக்கிறது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் உலகம் முழுக்க 380 கோடிப் பேரிடம், அதாவது 64 சதவீதத்தினரிடம் முதல் வகை ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் மதிப்பிட்டது. பெரும்பாலும் சிறுவயதில், பெரியவர்களின் எச்சில், முத்தம் வழியாக வருகிறது. முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சில் தங்கிவிடுகிறது. உறங்கும் வைரஸை எந்த மருந்தும் தொடுவதில்லை; பெருகும் வைரஸை மட்டுமே தொடும். இதை ஒரேயடியாக ஒழித்துவிடுவோம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பிப் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்கு இந்த ஓர் உண்மை போதும்.

காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், மன உளைச்சல் ஏதாவதொன்று தட்டி எழுப்பும்போது உதட்டோரம் நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றுகின்றன. ‘பல்லி எச்சம் பட்டுவிட்டது’, ‘ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்துவிட்டது’ என்பார்கள். ஒரு வாரம், பத்து நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். பலருக்கு மருந்தே தேவையில்லை. அடிக்கடி வந்து தொல்லை கொடுத்தால், கொப்புளம் தெரிவதற்கு முன்பே வரும் குறுகுறுப்பையும் எரிச்சலையும் அடையாளம் கண்டு, அந்த நேரத்தில் மாத்திரை எடுப்பதுதான் பயன் தரும். அசைக்ளோவிரின் இன்னொரு வடிவமான வாலசைக்ளோவிர் என்றால் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம். சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடும். கொப்புளம் உடைந்து பொருக்குக் கட்டிய பிறகு எடுக்கும் மாத்திரை வீண். களிம்பு பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. நியூசிலாந்தில் 900க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் அசைக்ளோவிர் களிம்பும் மருத்துவத் தேனும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. தேனின் பெருமையைவிடக் களிம்பின் போதாமையைத்தான் அது காட்டுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்களில் கொப்புளம் கொத்தாக வந்தாலே ‘அக்கி’ என்பார்கள். மண்பாண்டம் செய்யும் வேளார்களிடம் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். எழுதிய சில நாட்களில் ஆறவும் ஆறும். எழுதாவிட்டாலும் அந்த நாட்களில் ஆறிவிடும் நோய் அது. உடலில் ஒரு பக்கமாகப் பட்டையாக வருகிற அக்கி, சின்னம்மையை உண்டாக்கும் வைரஸின் வேலை. அதற்கும் அசைக்ளோவிர்தான், ஆனால் அளவு மிக அதிகம்: 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து முறை. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கு அதில் பாதி அளவில் மூன்று வேளை போதும். மருந்துக் கடையில் ‘அக்கி மாத்திரை’ கேட்டு வாங்குகிறவருக்கு எந்த அளவு கிடைக்கிறது என்பது அன்றைய அதிர்ஷ்டம். காவி எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால், புண் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணிமையிலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணில்தான் நாம் அதிகம் இழக்கிறோம். ஒரு கண் சிவக்கிறது, கூசுகிறது, நீர் வடிகிறது. ‘மெட்ராஸ் ஐ’ என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்குகிறார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஊற்றிய மறுநாளே சிவப்பு வடிகிறது, நிம்மதி வருகிறது. உள்ளே, கருவிழியின் மேல்தோலில் மரக்கிளைபோலப் பிரிந்து பரவும் ஹெர்ப்பிஸ் புண், தடுப்பார் இல்லாமல் ஆழமாகிறது. இந்த வைரஸ் கருவிழியின் உணர்வையும் மந்தப்படுத்துவதால் வலிகூடப் பெரிதாக இருக்காது. பார்வை மங்கிய பிறகு வந்து நிற்கும்போது தழும்பு விழுந்திருக்கும். கருவிழி மாற்றினாலும், அதே நரம்பு வழியாக வைரஸ் புதுக் கருவிழிக்கும் வரும்.

மெட்ராஸ் ஐ ஒரு கண்ணில் தொடங்கினாலும் பெரும்பாலும் இரண்டுக்கும் போகும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். ஒரே கண், வெளிச்சம் பட்டால் கூச்சம், மங்கல், முன்பும் இதே கண்ணில் இப்படி வந்த வரலாறு: இவை இருந்தால் ஹெர்ப்பிஸை நினைக்க வேண்டும். நிறமி ஒரு சொட்டு விட்டு, நீல ஒளியில் பார்த்தால் கிளைகள் தெரிந்துவிடும். மேல்தோல் புண்ணுக்குக் கேன்சைக்ளோவிர் ஜெல் அல்லது அசைக்ளோவிர் கண் களிம்பு ஒன்றிரண்டு வாரங்களில் குணம் தரும். நோய் கருவிழியின் உள்ளடுக்குக்குப் போய்விட்டால் ஸ்டீராய்டும் தேவைப்படும். ஆனால், வைரஸ் எதிர்ப்பு மருந்தின் துணையோடு, கண் மருத்துவரின் பார்வையில் மட்டும். அடிக்கடி திரும்புகிறவர்களுக்கு ஓராண்டு காலம் தினம் இரண்டு வேளை 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் கொடுத்த அமெரிக்க ஆய்வு 1998இல் வெளியானது. மருந்து எடுக்காதவர்களில் 32 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்கு. இந்தத் தடுப்புச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டிராத நோயாளிகள் நிறைய இருக்கிறார்கள். நான்காவது, ஐந்தாவது முறை கண் சிவந்து வருகிறவரிடம் அதைச் சொல்ல யாரோ ஒருவர் இருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். எந்தத் தெருமுனைக் கடையிலும் அதைச் சீட்டு இல்லாமல் வாங்கலாம் என்பது நடைமுறை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு மாதம் இதை மட்டும் கண்காணித்தால்கூடச் சில கண்கள் தப்பும்.

யார் கொடுத்தது?

பிறப்புறுப்பில் வரும் ஹெர்ப்பிஸுக்கு இரண்டாம் வகை வைரஸ் பெரும் காரணம். முதல் வகையும் இப்போது அதிகரித்துவருகிறது. 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் உலகம் முழுக்க 84.6 கோடிப் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் இருப்பதாக அதே 2024 மதிப்பீடு சொல்கிறது. இதில் பெரும்பாலோருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. முதல்முறை வரும்போதுதான் கடுமையாக இருக்கும்: சிறுநீர் கழிக்க முடியாத எரிச்சல், இடுப்பில் நெறிகட்டு, காய்ச்சல். அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மூன்று வேளை, 7 முதல் 10 நாட்கள். பிறகு வரும் தாக்குதல்கள் லேசானவை, ஐந்து நாளில் முடிபவை. முதல் ஆண்டில் இரண்டாம் வகை சராசரியாக நான்கு முறை திரும்பும். முதல் வகை ஒருமுறை திரும்பினாலே அதிகம். ஆண்டுகள் போகப் போகக் குறையும். ஆண்டுக்கு ஆறேழு முறை வந்து வாட்டினால், தினமும் மாத்திரை எடுத்துத் திரும்புவதை 70 முதல் 80 சதவீதம்வரை குறைக்கலாம். தினம் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் எடுத்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருத்துவம் இவ்வளவு எளிதாக இருக்க, நோயாளி அனுபவிப்பது வேறு. யாரிடமும் சொல்ல முடியாமல் சிறுசிறு அறைகளில் லேகியம் விற்பவர்களிடம் மாதக்கணக்கில் பணம் கட்டுகிறார். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு உண்டு. அங்கே மருந்து இலவசம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் ஹெர்ப்பிஸ் புண்ணுக்கென்றே அசைக்ளோவிர் கொண்ட சிவப்பு நிறப் பெட்டி இருக்கிறது. ஆனால், அந்தப் பிரிவின் வாசலில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் பெட்டியைவிடப் பெரிதாக இருக்கிறது. இரண்டாம் வகை ஹெர்ப்பிஸ் இருப்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அசைக்ளோவிர் தினமும் கொடுத்து எச்.ஐ.வி.யைத் தடுக்கலாமா என்று பெரிய ஆய்வுகள் நடத்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஆகவே, ஆணுறையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் இந்த நோயாளிகளுக்கு மாத்திரையைப்போலவே சிகிச்சையின் பகுதிதான்.

வீட்டுக்குள் எழும் கேள்வி ஒன்றுதான்: ‘யார் கொடுத்தது?’ திருமணமாகிப் பத்தாண்டு ஆன பெண்ணுக்கு முதல்முறையாகக் கொப்புளம் வருகிறது. சந்தேகம் அவள்மேல் விழுகிறது. இந்த வைரஸ் வருடக்கணக்கில் எந்த அடையாளமும் இல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு வெளிவரும். கணவனிடம் இருந்து, அவருக்கே தெரியாமல் தொற்றியிருக்கலாம். திருமணத்துக்கு முன்பே இருவரில் ஒருவரிடம் இருந்திருக்கலாம். இன்று தோன்றிய புண் நேற்றைய துரோகத்துக்குச் சாட்சி ஆகாது. இதை மருத்துவர் மாத்திரைச் சீட்டு எழுதும்போதே, இருவரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் குலையும் குடும்பங்களுக்கு எந்த மாத்திரையும் பதில் சொல்லாது.

இந்தச் சந்தேகத்தைத் தேவையே இல்லாமல் உண்டாக்கும் ஒரு பரிசோதனை நம்மிடம் பரவலாக இருக்கிறது. கரு கலைந்த பெண்களுக்கு ‘டார்ச் டெஸ்ட்’ எழுதுகிறார்கள். அதில் ஹெர்ப்பிஸுக்கான ரத்தப் பரிசோதனையும் அடக்கம். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று சிவப்பில் அச்சாகி வருகிறது. உலக மக்களில் பாதிக்கு மேல் இருக்கும் தொற்று எப்போதோ வந்ததற்கான தடம் அது, அவ்வளவுதான். ஐ.ஜி.எம். என்ற இன்னொரு அளவு புதிய தொற்றைக் காட்டும் என்று நம்புகிறார்கள். ஹெர்ப்பிஸில் அது நம்பகமானதல்ல, பழைய தொற்று திரும்பும்போதும் பாசிட்டிவ் ஆகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. மீண்டும் மீண்டும் கரு கலைவதற்குப் பழைய ஹெர்ப்பிஸ் காரணம் என்று கருத ஆதாரம் இல்லை. ஆனாலும், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அசைக்ளோவிர் விழுங்கும் பெண்கள் இருக்கிறார்கள். குழந்தை தங்காத துக்கத்தோடு, ‘உன் ரத்தத்தில்தான் கோளாறு’ என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது. புண் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனையை எழுதுவதை மகப்பேறு மருத்துவர்கள் நிறுத்த வேண்டும். புண் இருந்தால், புண்ணிலிருந்து மாதிரி எடுத்துப் பி.சி.ஆர். செய்வதுதான் சரியான சோதனை.

கர்ப்பத்தில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் முதன்முறையாகப் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் தொற்றினால், குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். முன்பே இருந்து திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அது ஒரு சதவீதத்துக்கும் கீழே. காரணம், தாயின் எதிர்ப்பாற்றல் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். முன்பே இருப்பவர்கள் 36ஆவது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் எடுத்துக்கொண்டால் பிரசவ நேரத்தில் புண் இருக்கும் வாய்ப்பு குறையும். அப்படியும் புண் இருந்தால் சிசேரியன். கணவருக்கு உதட்டிலோ கீழேயோ கொப்புளம் வருவதுண்டா என்று எட்டாம் மாதத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். வளைகாப்பு தேதியைப் பற்றிப் பேசத் தயங்காத நாம் இதைப் பேசத் தயங்குகிறோம்.

பிறந்த குழந்தைக்குத் தொற்று உடல் முழுக்கப் பரவினால், மருந்தில்லாத காலத்தில் 85 சதவீதம் இறந்தன. அதிக அளவு அசைக்ளோவிரால் அது 29 சதவீதம் ஆனது. மூளையை மட்டும் பாதித்த குழந்தைகளில் 50லிருந்து 4 சதவீதமாக இறங்கியது. 21 நாட்கள் ஊசி, பிறகு ஆறு மாதம் வாய்வழி மருந்து. பிறந்த முதல் மாதத்தில் குழந்தை சுணங்கி, பால் குடிக்க மறுத்து, வலிப்போ கொப்புளமோ கண்டால் ஹெர்ப்பிஸ் நினைவுக்கு வர வேண்டும். இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மார்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் வைரஸ் இருந்ததே தெரியாது. ஆகவே, ‘உங்களுக்கு முன்பு வந்திருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் வந்தாலும் மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. பிறந்த பிறகு, பார்க்க வந்த உறவினரின் உதட்டுக் கொப்புளத்திலிருந்தும் சில குழந்தைகளுக்கு வந்திருக்கிறது. வாயோரம் புண் இருக்கும் மாமாவோ அத்தையோ குழந்தையைக் கொஞ்சி முத்தமிடுவதைப் பத்து நாட்கள் தள்ளிப்போடச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தடுப்பூசி இன்னும் கைகூடவில்லை. 8,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்த தடுப்பூசி ஒன்று இரண்டாம் வகை வைரஸைத் தடுக்கத் தவறியது 2012இல் தெரிந்தது. ஜப்பானில் அமெனாமெவிர் என்ற வேறு வகை மருந்து திரும்ப வரும் ஹெர்ப்பிஸுக்கு 2023இல் அனுமதி பெற்றிருக்கிறது; அசைக்ளோவிருக்கு மசியாத வைரஸையும் அது தடுக்கும் என்பதால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு நம்பிக்கை தரும் வரவு. நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸையே மரபணுக் கத்தரியால் வெட்டும் முயற்சி அமெரிக்காவில் எலிகளிடம் நல்ல பலன் காட்டியிருக்கிறது. மனிதருக்கு வர ஆண்டுகள் ஆகும்.

அதுவரை கையில் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்துவதற்கு ஆராய்ச்சிக் கூடம் தேவையில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்படும் அமைப்பு. வட்டத் தலைமையிட மருத்துவமனைகள் வரை, எல்லா அவசரப் பிரிவுகளிலும் அசைக்ளோவிர் ஊசி மருந்து, ஒரு நோயாளிக்கு முதல் இரண்டு நாட்களுக்குப் போதுமான அளவிலாவது இரவிலும் இருப்பில் இருக்க வேண்டும். காய்ச்சலோடு குழப்பம் என்று வருபவருக்கு முதல் ஊசியைப் போட்ட பிறகே மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற உத்தரவை மக்கள் நல்வாழ்வுத் துறை பிறப்பிக்க வேண்டும். முதல் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பதை, மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் ஒவ்வொரு கோப்பிலும் எழுதி, மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.